கண்ணை மூடிக்கொண்டு சொன்னது

சபையில் அவருடைய பெயரைச் சொல்லி விசாரித்தால் பாதிப் பேருக்குத் தெரியாது. விசில் அண்ணன் என்றால் பேச்சு வராத பிள்ளைகூடக் கைகாட்டும். வாலிபர் முகாம் என்று ஒன்று வந்துவிட்டால் கழுத்தில் விசிலைத் தொங்கவிட்டுக்கொண்டு, பேருந்தில் ஏறாதவர்களை ஏற்றி, ஏறியவர்களை உட்காரவைத்து, உட்கார்ந்தவர்களைப் பாடவைத்து, அந்தச் சனி ஞாயிறு முழுவதையும் தன் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்கிறவர் அவர். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. நெற்றி வருஷா வருஷம் மேலே ஏறிக்கொண்டிருந்தது. நியாயமாகப் பார்த்தால் அந்தப் பிள்ளைகள் அவரை மாமா என்றுதான் கூப்பிட வேண்டும். முகாமுக்குள் மாமாவும் கிடையாது, சாரும் கிடையாது, எல்லாரும் அண்ணன்தான் என்று அவரே ஒரு சட்டம் போட்டுவைத்திருந்தார். அந்தச் சட்டத்தால் அதிகம் பயனடைந்தவரும் அவர்தான்.

வார நாட்களில் அவருக்கு டைல்ஸ் கடையில் வேலை. புது வீடு கட்டுகிற தம்பதிகள் வருவார்கள். கணவருக்குச் சாம்பல் நிறம் வேண்டும், மனைவிக்கு வெள்ளை வேண்டும், இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார்கள். விசில் அண்ணன் நடுவில் புகுந்து முதலில் கலகலவென்று பேசுவார், சிரிக்கவைப்பார். பிறகு அவர்கள் இளகுகிற நேரம் பார்த்துக் குரலை இறக்குவார். "காலையில எழுந்ததும் நீங்க முதல்ல கால் வைக்கப்போறது இதுலதாங்க" என்பார், ஏதோ ரகசியம் சொல்வதுபோல. அவ்வளவுதான், சண்டை முடிந்துவிடும். குரலை எந்த இடத்தில் இறக்க வேண்டும் என்பது சொல்லிக்கொடுத்து வருகிற வித்தை இல்லை, அது பிறவியிலேயே அவருக்கு வாய்த்திருந்தது. பாழாய்ப்போன அந்த வித்தைதான் அவரைக் கவிழ்த்தது.

முகாம் நடத்துவதில் அவரிடம் குறை சொல்ல ஒன்றும் இல்லை. எந்தப் பிள்ளைக்கு வண்டியில் போனால் வாந்தி வரும், எவனை மேல்கட்டிலில் படுக்கவிடக் கூடாது, யார் வீட்டை நினைத்து அழும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் போன முகாமுக்கு உதவிப் போதகர் வந்திருந்தார். படித்தவர், இளையவர், சட்டைக் கையை அழகாக மடித்துவிட்டுக்கொள்கிறவர். கடைசி ஜெபத்தை அவர் செய்தார், கூடம் முழுக்கக் கண்ணீர். பிள்ளைகள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துத் தேம்பினார்கள். அதற்குப் பிறகு சபைக் கமிட்டியில் யாரோ பேசியது இவர் காதுக்கு வந்தது. விசில் அண்ணனோட முகாம்னா விளையாட்டும் சாப்பாடும்தான், ஆவிக்குரிய ஆழம் கிடையாது, விசில் ஊதத்தான் அவர் லாயக்கு என்று பேசினார்களாம்.

கேட்டவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். மருந்துக்கடையில் வேலை பார்க்கிற அவர் மனைவி, "வயித்துக் கோளாறா, மனசுக் கோளாறா? முதலாவதுக்குத்தான் எங்கிட்ட மாத்திரை இருக்கு" என்று கேட்டாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்த முகாமில் அழவைத்தே தீருவது என்று அன்றைக்கே அவர் மனசுக்குள் முடிவு செய்துவிட்டார். எதற்காக யார் அழ வேண்டும் என்றெல்லாம் யோசிக்கவில்லை. அழ வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த முகாமும் வந்தது. ஏரிக்கரையில் ஒரு பழைய பள்ளி விடுதி. புரண்டு படுத்தால் கத்துகிற இரும்புக் கட்டில்கள், வெந்நீர் வருவதுபோலப் போக்குக் காட்டும் குழாய், பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்ட ஒரு கூடம். கூடத்தின் ஒரு சுவரில் சமையலறைக்குத் திறக்கிற அகலமான ஜன்னல். சாப்பாட்டுத் தட்டுகளை அதன் வழியாகத்தான் நீட்டுவார்கள். அந்த ஜன்னலுக்குப் பின்னால் நின்று சமைத்தவள் சமையல் அக்கா. ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை. கணவன் இறந்தபிறகு சபைதான் அவளுக்குப் பிறந்த வீடு மாதிரி. முகாம்களுக்குச் சும்மாவே வந்து சமைத்துப் போடுவாள், யாராவது நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வாள்.

அவளுடைய ஒரே மகள் கீபோர்டு வாசிக்கிறவள். கல்லூரியில் படிக்கிறாள். எல்லாரும் அவளைக் கீபோர்டு என்றேதான் கூப்பிடுவார்கள், அவளும் அதற்குத் திரும்பிப் பார்ப்பாள். அதிகம் பேச மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாட்டு முடிந்ததும் கீபோர்டை விட்டு எழுந்துவந்து அம்மாவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்வாள். அம்மாவின் கைக்குள் தன் கையை வைத்துக்கொள்வாள். வளர்ந்த பெண் இப்படி இருக்கிறாளே என்று மற்ற தாய்மார்கள் பொறாமைப்படுவார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் பிள்ளைகள் ஏரிப் பக்கம் போய்விட்டார்கள். கூடத்தில் அவள் மட்டும் உட்கார்ந்து சிக்கலாகிக் கிடந்த வயரைப் பிரித்துக்கொண்டிருந்தாள். விசில் அண்ணன் வழக்கம்போல ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "உனக்காக ஜெபிக்கணும்னா எதுக்காக ஜெபிக்கட்டும்?" என்று கேட்டார். எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். பரீட்சைக்கு, அப்பாவின் முழங்காலுக்கு என்று எதையாவது சொல்வார்கள்.

அவள் வயரைக் கீழே வைத்தாள். "ஒண்ணு சொல்லணும்ணா. சொன்னா திட்டக் கூடாது."

"நான் என்னிக்கு உன்னத் திட்டியிருக்கேன்?"

"எனக்கு நம்பிக்கை போயிடுச்சுண்ணா. ரொம்ப நாளாச்சு. யாரு மேலயும் கோவமெல்லாம் இல்ல. ஒருநாள் ஜெபம் பண்ண உக்காந்தேன், அந்தப் பக்கம் யாரும் இல்லாத மாதிரி இருந்துச்சு. அப்புறம் அப்படியே ஆயிடுச்சு. இப்ப எல்லாரும் ஜெபிக்கும்போது சும்மா கண்ண மூடிட்டு உக்காந்திருப்பேன்."

"அப்ப ஏம்மா வர்ற?"

"வாசிக்கப் பிடிக்கும். அம்மா பக்கத்துல உக்காரப் பிடிக்கும்." மறுபடியும் வயரைக் கையில் எடுத்தாள். "அம்மாவுக்குத் தெரிய வேணாம்ணா. அப்பா போனப்புறம் அவங்களுக்கு இருக்கிறது இது ஒண்ணுதான். நானே ஒருநாள் சொல்லிக்குவேன். யாருகிட்டயாவது சொல்லலேன்னா மூச்சு முட்டுது, அதான் உங்ககிட்ட சொன்னேன்."

"எங்கிட்ட சொன்னது என்னோட போச்சு" என்றார் அவர். மனதாரத்தான் சொன்னார். தன்னை நம்பி இவ்வளவு பெரியதை ஒரு பெண் சொல்லிவிட்டாளே என்று அவருக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. பிரசங்கம் எதுவும் செய்யாமல் எழுந்து அவள் தலையில் லேசாகத் தட்டிவிட்டுப் போனார். அந்த மத்தியானத்தோடு உலகம் முடிந்திருந்தால் அவரைப் போல நல்ல மனிதர் இல்லை என்று நாமும் சொல்லியிருப்போம்.

ஞாயிற்றுக்கிழமை காலை கடைசிக் கூட்டம். உதவிப் போதகரும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். விசில் அண்ணன் நடுவில் போய் நின்று எல்லாரையும் கண்ணை மூடச் சொன்னார். கீபோர்டு மெல்லத் தொடங்கியது. ஜெபத்துக்கு அடியில் இசை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது முகாமின் வழக்கம். ஜெபிக்கிறவர் குரல் ஏறினால் அதுவும் ஏறும், இறங்கினால் இறங்கும். ஆமென் வருகிறவரை நிறுத்தக் கூடாது.

அவர் ஜெபித்தார். வீடுகளுக்காக, படிப்புக்காக, எதிர்காலத்துக்காக எல்லாம் ஜெபித்தார். எங்கோ ஒரு மூலையில் ஒரு விசும்பல் கேட்டது. ஒரே ஒரு விசும்பல், அதுவும் ஜலதோஷமாக இருக்கலாம். நாற்காலிகள் கிறீச்சிட்டன. யாரோ கொட்டாவி விட்டார்கள். அப்போது அவர் தன்னை அறியாமலே, இல்லை, நன்றாக அறிந்தே, குரலை இறக்கினார்.

"ஆண்டவரே, இந்த அறைக்குள்ள ஒரு மகள் இருக்கா."

கூடம் நிசப்தமாயிற்று. அதோடு நிறுத்தியிருந்தால் ஒன்றும் கெட்டுப்போயிருக்காது. யாராவது ஒரு மகள் என்று போயிருக்கும். ஆனால் எல்லாருடைய மூச்சும் தன் கைக்குள் வந்து நிற்பதை அவர் உணர்ந்தார். அடுத்த சொல் வாயிலிருந்து புறப்படுவதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி இருந்தது. இதைச் சொல்லக் கூடாது என்பது அந்த இடைவெளியில் அவருக்குத் தெரிந்திருந்தது. சொன்னால் கூடம் உடையும் என்பதும் தெரிந்திருந்தது.

"உமக்காக வாசிக்கிற விரல்களை அவளுக்குக் கொடுத்தீரே ஆண்டவரே. ஆனா அவ மனசுல உம்ம மேல இருந்த நம்பிக்கை செத்துப்போச்சு. கண்ண மூடுறா, உம்மகிட்ட பேச அவளுக்கு ஒரு வார்த்தை இல்ல. பக்கத்துல இருக்கிற தாய்க்குக்கூடத் தெரியாம இந்தப் பாரத்தச் சுமக்கிறா. அவள விட்டுடாதிரும் ஆண்டவரே."

உடைந்தது. ஒரு மூலையில் தொடங்கிய அழுகை கூடம் முழுக்கப் பரவியது. உதவிப் போதகர் "ஆண்டவரே, ஆண்டவரே" என்று முனகினார். கீபோர்டு நிற்கவில்லை. ஆனால் அது ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டது. அதே கட்டைகள், மறுபடியும் அதே கட்டைகள், ஏறாமலும் இறங்காமலும். ஆமென் வரும்வரை நிறுத்தக் கூடாது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், அவள் நிறுத்தவில்லை.

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தார். கண்ணீர் முகங்கள் எல்லாம் அவரைப் பார்க்கவில்லை, கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவளோ சமையலறை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலில் சமையல் அக்கா ஈரக் கையோடு நின்றாள். மகளைப் பார்த்தாள், பிறகு உள்ளே திரும்பிக்கொண்டாள். குழாய் திறக்கிற சத்தமும் பாத்திரங்கள் உருளுகிற சத்தமும் கேட்டன.

அவருக்கு வெட்கம் உடனே வரவில்லை. பின்னாளில் அவரை அதிகம் அரித்தது இதுதான். முதலில் வந்தது பாராட்டு. பிள்ளைகள் ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள். உதவிப் போதகர் மடித்துவிட்ட கைகளை விரித்து, "பிரதர், நாங்கெல்லாம் படிச்சு என்ன பிரயோஜனம்? இன்னிக்கு நீங்கதான் ஜெபிச்சீங்க" என்றார். உச்சி குளிர்ந்துபோனது. அந்தக் குளிர்ச்சியிலேயே நடந்துபோய், வயரைச் சுற்றிக்கொண்டிருந்த பெண்ணிடம், "கோவமாம்மா?" என்று கேட்டார். இல்லை என்று அவள் சொல்லிவிடுவாள் என்றே நம்பினார்.

அவள் நிமிரவில்லை. "ஜெபத்துக்கு யாராவது கோவப்பட முடியுமாண்ணா?" என்றாள். கீபோர்டின் மேல் உறையைப் போட்டாள். "அம்மாவையாவது விட்டிருக்கலாம்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. பேருந்தில் பிள்ளைகள் பாடச் சொன்னபோது தொண்டை கட்டிக்கொண்டது என்று பொய் சொன்னார்.

வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் செய்தி அவருக்கு முந்தி வந்து உட்கார்ந்திருந்தது. மனைவி பையை வாங்கி வைத்துவிட்டு, "உங்க ஜெபத்தப் பத்தித்தான் ஊரெல்லாம் பேச்சு" என்றாள். பிறகு கேட்டாள்: "அந்தப் பொண்ணு அத உங்ககிட்ட தனியா சொன்னதா?"

"ஆமா."

"யாருக்கும் சொல்லாதீங்கன்னு சொல்லிச்சா?"

"நான் யாருகிட்டயும் சொல்லலியே. ஜெபத்துலதானே சொன்னேன்."

மனைவி அவரை நிதானமாகப் பார்த்தாள். "ஜெபத்துல சொன்னேன்னு சொல்லாதீங்க. சொன்னேன்னு சொல்லுங்க" என்றாள். அதற்குமேல் அவள் பேசவில்லை. கத்தியிருந்தால் அவரும் திருப்பிக் கத்தி ஆறியிருப்பார்.

மறுநாள் கடைக்கு ஒரு தம்பதி வந்தார்கள். வழக்கமான சண்டை. விசில் அண்ணன் வழக்கம்போல நடுவில் புகுந்தார், சிரிக்கவைத்தார், அவர்கள் இளகுகிற நேரம் வந்தது. குரலை இறக்கினார். இறக்கிய குரலில், ஆண்டவரே, இந்த அறைக்குள்ள ஒரு மகள் இருக்கா என்பது அவர் காதிலேயே கேட்டது. அதே குரல், அதே தணிவு, அதே கணக்கு. ஆண்டவரிடம் பேசியதாக நினைத்துக்கொண்டிருந்தவர் அங்கேயும் சரக்குத்தான் விற்றிருக்கிறார். அடுத்தவள் கொடுத்துவைத்த சரக்கு. வாய் குழறி, "எதுன்னாலும் எடுத்துக்கோங்க, ரெண்டும் வழுக்கும்" என்று சொல்லிவிட்டுப் பின்னால் கிடங்குக்குள் போய் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் நின்றார். நாக்கைப் பிடுங்கிக்கொண்டால் என்ன என்று இருந்தது. தம்பதி ஒன்றும் வாங்காமல் போய்விட்டார்கள். முதலாளி, "என்னய்யா ஆச்சு உனக்கு?" என்று கேட்டுக்கொண்டே கிடங்குவரை வந்துவிட்டார்.

சபை என்ன செய்யும்? அது அன்பு செலுத்தத் தொடங்கியது. அன்பு செலுத்துகிற சபையிடமிருந்து தப்புவது லேசுப்பட்ட காரியம் இல்லை. அக்காமார் ஆளுக்கொரு வேளை எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணுக்காகத் தொடர் ஜெபம் வைத்தார்கள். வசனங்கள் அவள் போனில் வந்து குவிந்தன. அவளோடு பேசியே இராதவர்களெல்லாம் கல்லூரி வாசலில் வந்து தோளைப் பிடித்துக்கொண்டு, "விட்டுடாதம்மா" என்றார்கள். சமையல் அக்காவைக் கடைத்தெருவில் நிறுத்தி, "கவலைப்படாதீங்க, உங்க மகளுக்காக நாங்க அழுதுகிட்டுத்தான் இருக்கோம்" என்று ஆறுதல் சொன்னார்கள். இதையெல்லாம் விசில் அண்ணனிடம் ஒவ்வொருவரும் பெருமையாக வந்து சொன்னார்கள். கேட்கக் கேட்க அவர் கூனிக்குறுகிப் போனார். வேண்டாம், நிறுத்துங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. ஜெபிக்காதீர்கள் என்று ஒரு வாலிபர் தலைவர் எப்படிச் சொல்வது? அப்படிச் சொல்வதானால் நடந்ததைச் சொல்ல வேண்டும். நடந்ததைச் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை. அந்தப் பெண்ணுக்கு போன் செய்தார், எடுக்கவில்லை. மன்னிச்சிடும்மா என்று ஒரு செய்தி அனுப்பினார். அவள் அதைப் பார்த்துவிட்டாள் என்று தெரிந்தது, பதில் வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கீபோர்டு உறை மாட்டியபடியே நின்றது. யாரோ கிடாரை வைத்துச் சமாளித்தார்கள். சமையல் அக்கா தன் வழக்கமான வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் யாரோ உட்கார வந்தபோது, ஆள் வருகிறது என்று கைகாட்டி அனுப்பிவிட்டாள். ஆராதனை முடியும்வரை ஆள் வரவில்லை. பின்வரிசையிலிருந்து விசில் அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிரசங்கத்தில் ஒரு வார்த்தை அவர் காதில் ஏறவில்லை.

சாயங்காலம் அந்தப் பெண்ணைப் பார்க்க அவள் வீட்டுக்குப் போனார். மாடிப்படிக்கு அடியில் சின்ன வீடு. கதவைத் திறந்தவள் அக்காதான். மகள் சிநேகிதி வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொன்னாள். உள்ளே கூப்பிட்டாள், உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். எதையும் குறைவைக்கவில்லை. அந்த மரியாதையே அவரைக் கொன்றது.

"அக்கா, நான் தப்புப் பண்ணிட்டேன்" என்றார். "அவ என்னை நம்பிச் சொன்னா. உங்களுக்குத் தெரிய வேணாம்னு சொல்லித்தான் சொன்னா. நான் சத்தியம் மாதிரி வாக்குக் கொடுத்தேன். அப்புறம் எல்லாரும் அழணும்ங்கிறதுக்காக அதக் கூட்டத்து நடுவுல தூக்கிப் போட்டுட்டேன். அவளுக்காக இல்லக்கா. எனக்காகத்தான்." சொல்லிவிட்டார். சொன்னால் லேசாகும் என்று நினைத்திருந்தார், ஆகவில்லை.

அக்கா எதிரில் உட்கார்ந்து புடவை முனையை மடித்து மடித்துப் பிரித்தாள். "எனக்குத் தெரியும் தம்பி" என்றாள்.

"என்னக்கா தெரியும்?"

"அவளுக்கு நம்பிக்கை இல்லேங்கிறது. முன்னாடியே தெரியும். எல்லாரும் கண்ண மூடியிருக்கும்போது நான் ஒத்தக் கண்ணத் திறந்து அவளத்தான் பாத்துகிட்டு இருப்பேன். பெத்தவளுக்குத் தெரியாதா, பிள்ளை ஜெபிக்குதா சும்மா உக்காந்திருக்குதான்னு?"

அவர் தண்ணீர்த் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியாது. அதனால எனக்காக வருவா. பக்கத்துல உக்காந்து கையப் பிடிச்சுக்குவா. அம்மா மனசு நோகக் கூடாதுன்னு ஒரு பிள்ளை வாராவாரம் வந்து உக்காருது, அதுக்கு மேல நான் ஆண்டவர்கிட்ட என்ன கேக்கப்போறேன்? நானும் ஒண்ணும் தெரியாத மாதிரி இருந்துகிட்டேன். ரெண்டு பேரும் நல்லாத்தான் இருந்தோம் தம்பி." அவள் குரல் தழுதழுக்கவில்லை. சமையல் பக்குவம் சொல்வதுபோலச் சொன்னாள். "இப்ப எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. இனிமே அவ எதுக்கு வரணும்? வந்தா நடிக்கிறதா ஆயிடும். அவ நடிக்க மாட்டா, அவங்க அப்பாவும் அப்படித்தான்."

வெளியே தெருவில் பிள்ளைகள் சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனார்கள். விசில் அண்ணன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. தண்ணீரைத் தொடவில்லை. கடைசியில் எழுந்து வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அதற்குள் அக்கா கதவின் மேல் கைவைத்தபடி, தயங்கித் தயங்கி, கெஞ்சுகிற குரலில் சொன்னாள்:

"தம்பி, இப்ப நான் சொன்னதையும் ஜெபத்துல சொல்லிடாதீங்க."

"மாட்டேன்க்கா" என்றார் அவர்.

அவள் சரி என்று தலையை ஆட்டினாள். நம்பியதாகத் தெரியவில்லை.